சுகிர்தாவின் வீட்டுப்பாடம்

சுகிர்தாவிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் ஆறு மாதமாக என் டைரியில் இருக்கிறது. சரியா என்ற சந்தேகத்தில் இன்னும் சொல்லவில்லை.

இருவரும் மாலை நேர ஆங்கில வகுப்பில் படிக்கிறோம். நான் வேலை செய்யும் அச்சகத்தில் காலண்டர் சீசன் என்பதால் போன வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. அவளே நோட்டுடன் அச்சகத்துக்கு வந்தாள்.

"சார் வீட்டுப்பாடம் கொடுத்தாரு. வினைச்சொல்லுக்கு முன்னால 'டு' வரணுமாம். சரியான்னு பாருங்க."

ஒரே வாக்கியம்தான். 'நீங்கள் வந்து என் அப்பாவிடம் பேச வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். 'டு' விட்டுப்போயிருந்தது. புரூஃப் பார்க்கும் சிவப்புப் பேனாவால் அதைச் சேர்த்தேன்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

"அம்புட்டுதான். மத்ததெல்லாம் சரி."

"நல்லாப் பாத்தீகளா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேங்க."

நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது.

"அவளுக்கு நேத்து நிச்சயமாயிருச்சு. இனி வரமாட்டா" என்றாள் அவள் தோழி கீர்த்திகா.

என்ன செய்வதென்று தெரியாமல், 'டு' வைத்துப் பத்து வாக்கியம் எழுதியிருந்த என் நோட்டைச் சாரிடம் நீட்டினேன்.

"என்னப்பா இது?"

"போன வாரத்து வீட்டுப்பாடம் சார்."

"போன வாரம் நான் வீட்டுப்பாடமே கொடுக்கலையேப்பா."