எழுபது மீன்கள் சாட்சி

உலகமே கைதட்டிய ஒரு குங்ஃபூ நடிகனை ஒரே உதையில் மீன் தொட்டிக்குள் அனுப்பியவன் நான். இடம் ஹாங்காங். வருடம் 1981. சாட்சி, தொட்டியில் இருந்த எழுபது மீன்கள்.

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய நோபல் பார்க்கில் இந்தக் கதையைக் கேட்காத தமிழர் கிடையாது. பள்ளிவாசல் வாசலில் சொன்னேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்தபடியே சொன்னேன்.

ஆரம்பத்தில் மீன்கள் இருபதுதான். நான் ஓய்வுபெற்ற பிறகு அவையும் பெருகிவிட்டன.

எல்லோரும் சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கமாட்டாள். என் மனைவி பக்ருன்னிசா.

அவளுக்கு மீனும் முக்கியமில்லை, நடிகனும் முக்கியமில்லை. நிக்காஹ் அன்று அவள் வாப்பா என் கையில் கட்டிவிட்ட மணிக்கூடு எங்கே? அதுதான் அவள் கேள்வி.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், முதலாளியின் மாணிக்கக்கற்களை விற்க ஹாங்காங் போனேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். நடிகனை உதைத்தபோது மணிக்கூடு கழன்று விழுந்துவிட்டது என்றேன்.

“ஆளை உதைச்சா கால்ல இரிக்கிற செருப்புத்தானே கழரும்? கையில இருந்த மணிக்கூடு எப்பிடிக் கழண்ட?”

முப்பத்தொரு வருடம் இதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. விற்றுவிட்டேன், அல்லது யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த ‘யாருக்கோ’வுக்கு நீண்ட கூந்தல் இருந்ததாகவும் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவள் வாப்பா மௌத்தாகும்வரை, எனக்கு ஸலாம் சொல்லும்போதெல்லாம் என் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் மணிக்கூடே கட்டவில்லை. நேரம் என்னைக் கேட்டுத்தான் நகர்கிறது என்று பீற்றிக்கொள்வேன்.

2012இல் ‘பறக்கும் தையல்காரன்’ நான்காம் பாகம் வந்தது. அதே நடிகன், மூன்றாம் பாகம் வந்து இருபத்தெட்டு வருடம் கழித்து. அன்று ஹாங்காங் மீன் சந்தையில் எடுத்துக்கொண்டிருந்தது இதன் இரண்டாம் பாகத்தைத்தான். அந்தப் படத்தை நான் நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். அதில் நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். முதியோர் டிக்கெட். அரங்கில் மொத்தம் ஒன்பது பேர். பக்ருன்னிசா வந்தது படம் பார்க்க அல்ல, படம் பார்க்கும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க.

படத்தைப் பற்றி என்ன சொல்ல! முன்பு கத்தரிக்கோலோடு மூன்று மாடி தாவியவன் அவன். இப்போது அவன் கதிரையிலிருந்து எழும்பும்வரை ஆறு வில்லன்கள் மரியாதையாகக் காத்து நின்றார்கள். அவன் தாவும்போதெல்லாம் காமிரா முதுகுப் பக்கம் ஓடிவிட்டது. முதுகுக்கு வயது இருபத்தைந்து. சிரிப்பு மூட்டச் சொன்ன பகிடிகளுக்கு வயது தொண்ணூறு.

பக்ருன்னிசா என் காதுக்குள் சொன்னாள்:

“முகம் தெரியக்குள்ள கால் தெரியல்ல, கால் தெரியக்குள்ள முகம் தெரியல்ல. உங்கட கதை மாதிரியே இரிக்கி.”

படம் முடிந்தது. ஐந்து பேர் எழுந்து போனார்கள். அவளும் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

இந்தத் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் நடந்த தவறுகளைக் காட்டுவார்கள். அடி வாங்கியது, விழுந்தது, வசனம் மறந்தது. இந்த முறை நாயகன் எங்கேயும் தாவவில்லை, அதனால் விழவும் இல்லை. காட்டத் தவறு போதாமல் பழைய பாகங்களின் மிச்சத்தை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

மீன் சந்தை வந்தது.

ஐந்து அடியாட்கள். நடுவில் நாயகன். அவன் காலடியில் ஒரு கிழ மீன்காரர் சுருண்டு கிடக்கிறார்.

இடப் பக்கமிருந்து, வெள்ளைச் சட்டையும் அகலக் காற்சட்டையும் போட்ட ஒரு ஒல்லிப் பொடியன் ஓடி வருகிறான். உண்மையான சண்டை என்று நினைத்துவிட்டான். கிழவரைத் தூக்கக் கை நீட்டுகிறான். மீன் செதிளில் வழுக்குகிறான். இரண்டு காலும் மேலே போய் நாயகனின் இடுப்பில் மோதுகின்றன.

நாயகன் தொட்டிக்குள்!

ஓர் அடியாள் பொடியனின் கையைப் பிடித்து இழுக்கிறான். கையிலிருந்து என்னவோ பளிச்சென்று பறக்கிறது.

நாயகன் தலையில் மீனோடு எழுந்து சிரிக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரோ காமிராவை நிறுத்த மறந்துவிட்டார்கள்.

திரையின் ஓரத்தில் அந்தப் பொடியன் முழங்காலில் நிற்கிறான். ஒரு கூடையைக் கவிழ்க்கிறான். அடுத்ததைக் கவிழ்க்கிறான். மீன் தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவுகிறான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி துழாவுகிறான்.

இந்தப் பகுதியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

முன்வரிசையில் இருந்த இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

பக்ருன்னிசா உட்காரவில்லை. திரை கறுப்பாகும்வரை நின்றபடியே பார்த்தாள். பிறகு குனிந்து, என் வெறும் மணிக்கட்டை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம்,” என்றாள். “நடந்துதான் இரிக்கி.”