சுற்றிப் போகக் கூடாது

"வேணும்னா அந்தப் பக்கமா சுத்திப் போறேன் சார். இந்தக் கல்லுல கால் வைக்க மாட்டேன்."

மனநல விடுதி ஆலோசகர் சிரித்தார். சுற்றிப் போவதுதான் நோயே என்று நான்கு மாதமாக அவளுக்குச் சொல்லி வருகிறார். எங்கே கால் வைத்தாலும் ஏதோ ஒரு உயிர் நசுங்கிவிடும் என்று அவளுக்குப் பயம். எறும்பைத் தாண்டித் தாண்டி நடந்து, கடைசியில் கட்டிலை விட்டே இறங்காமல் போனவள். அவள் இப்போது தோட்டத்துப் புல்லில் நடக்கிறாள் என்றால் அது அவர் செய்த வைத்தியம்.

பத்து வருடம் புத்த மடத்தில் இருந்துவிட்டு, பிறகு மனநலம் படித்தவர் அவர். மூச்சைக் கவனித்தபடி மெதுவாக அடியெடுத்து வைக்கும் நடைத் தியானம்தான் அவருடைய மருந்து. அதற்குப் பத்தியம் உண்டு. சுற்றிப் போகக் கூடாது. குனிந்து சரிபார்க்கவும் கூடாது.

இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. பரீட்சைக்கு மட்டுமே திறக்கும் பின்கட்டுக் கூழாங்கல் முற்றத்தை நேராகக் கடந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எதிர்முனையில் அவளுடைய பெட்டியோடு கணவன் நின்றான். லாரி டிரைவர். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான்.

பாதி தூரம் நன்றாகத்தான் வந்தாள். நடுவில்தான் இப்படி நின்றுவிட்டாள்.

"அந்தக் கல்லு அசைஞ்சுது சார்."

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். எறும்பு போய், புழு போய், இப்போது கல்லுக்கும் உயிர் வந்துவிட்டதா என்று கேட்டான். ஆலோசகர் அவனைக் கையமர்த்தினார். மனசு என்ன வேண்டுமானாலும் காட்டும், பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்றார். மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும்.

"நீங்க ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, போதும்."

"பாக்க மாட்டேன்மா. நான் பாத்தா உங்க பயத்துக்குத் தீனி போட்ட மாதிரி."

கணவன் குரலை இறக்கினான். "இந்தா பாரு, சின்னவ காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கிறா. ஒரே ஒரு அடி. எங்களுக்காக வை."

அவள் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஆலோசகருக்கே பொறுமை போய்விட்டது. நானே மிதித்துக் காட்டுகிறேன், ஒன்றும் ஆகாது என்று விறுவிறுவென வந்தார். அவள் சட்டென்று கீழே உட்கார்ந்து, இரண்டு கையையும் கவிழ்த்து அந்தக் கற்களை மூடிக்கொண்டாள்.

"என் கைய மிதிச்சுட்டுப் போங்க."

"இப்ப எந்திரிக்கலேன்னா இன்னும் மூணு மாசம் இங்கதான். தெரியும்ல?"

"தெரியும். இருக்கேன்."

"உங்க பொண்ணு?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க அந்தப் பக்கமா போங்க."

கணவன் பெட்டியைத் திரும்ப அவள் அறைக்கே தூக்கிக்கொண்டு போனான். நோய் முற்றிவிட்டது, மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆலோசகரும் பின்னால் போனார்.

முற்றம் காலியானதும் அவள் கையை மெல்ல எடுத்தாள்.

புள்ளி போட்ட நாலு கூழாங்கல்லில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. விரிசல் வழியே ஒரு பொடி அலகு வெளியே வந்து மூச்சு வாங்கியது.