முட்டிக்கட்டு

"இறுக்கிச் சுத்துடி. வலியே இல்ல, சத்தியமா," என்றாள் புயல்.

எப்படி இருக்கும்? அரை மணி நேரத்துக்கு முன்னால்தானே முட்டியில் ஊசி போட்டார்கள். ஊசி வலியின் வாயைத்தான் கட்டும். காயத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

புயல் என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். வாலிபால் களத்தில் அவள் அடித்தால் பந்து கண்ணில் படாதாம். அந்தப் புயல் ஆறு வாரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியதை ஒருவரும் எழுதவில்லை.

அவள் முன்னால் மண்டியிட்டுத் தொடையிலிருந்து பட்டை சுற்றிக்கொண்டிருந்தவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெஞ்சு. மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவர்கள் தோழிகள்தான். தங்கமான மனசு.

பெஞ்சும் ஒரு காலத்தில் முதல் ஆறு பேரில் ஒருத்தி. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதியில் குதித்து இறங்கியபோது முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன், எட்டு மாதம் சிகிச்சை. அதற்குப் பிறகு குதிப்பு பழையபடி வரவில்லை. முட்டியைப் பற்றிய அறிவுதான் மிச்சம். அதனால் அணியில் யாருக்கு எங்கே பிடித்துக்கொண்டாலும் காலை அவளிடம்தான் நீட்டுவார்கள். ஆடக் கூப்பிட மாட்டார்கள்.

கோச் கதவோரம் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியெல்லாம் மனசில்தான் இருக்கிறது என்பது அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு. போன மாதம் அவருக்குப் பல்வலி வந்தபோது மட்டும் அது எப்படியோ தாடையில் இருந்தது. மூன்று நாள் லீவு போட்டார்.

"அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

வெளியே இறுதி ஆட்டம். முதல் வரிசையில் தேர்வாளர்கள் மூன்று பேர். இன்று ஒழுங்காக ஆடினால் புயலுக்கு நாட்டு அணியில் இடம். அவள் இறங்காவிட்டால் அவளுக்குப் பதில் இறங்கப்போவது பெஞ்சு.

புயல் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கு என்ன தெரியும். நீ பார்த்துச் சொல்லு. வீக்கம் இருக்கா? இருந்தா நான் இறங்கல."

முட்டி மரத்துக் கிடந்தது. அதற்குள் என்ன நடக்கிறதென்று அதன் சொந்தக்காரிக்கே தெரியவில்லை.

பெஞ்சு பட்டையைக் கீழே வைத்தாள். முட்டிச்சில்லின் ஒரு பக்கத்தை விரலால் அழுத்தினாள். மறுபக்கம் மெத்தென்று புடைத்தது. உள்ளே நீர் கோத்திருந்தது. சூடு வேறு. இதோடு குதித்தால் ஒரு செட் தாங்காது. அதன் பிறகு இந்த முட்டி மாடிப்படி ஏறத்தான் லாயக்கு.

இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. தொட்டுப் பார்த்த எவளுக்கும் தெரியும்.

எவளுக்கும் தெரியும்.

அழுத்திய விரல் அங்கேயே நின்றது.

"என்னடி, இருக்கா?"

பெஞ்சு மறுபடி பட்டையை எடுத்தாள். வீங்கிய இடத்தின்மேல் வரிசை பிசகாமல், மடிப்பு விழாமல் சுற்றினாள். முனையைக் கிழித்து ஒட்டினாள். அவ்வளவு அழகான கட்டை அவள் இதுவரை யாருக்கும் போட்டதில்லை.

"ஒண்ணுமில்லடி. போய் ஆடு."

புயலின் முகம் மலர்ந்தது. பெஞ்சின் கன்னத்தைக் கிள்ளி, "நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்," என்றாள். இரண்டு முறை குதித்துப் பார்த்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள்.

அந்த அரையிறுதி நாளிலும் ஊசி போட்டிருந்தார்கள். மரத்துப்போன முட்டியை நீட்டிக்கொண்டு, வீக்கம் இருக்கிறதா என்று பெஞ்சு கேட்டாள். எதிரே மண்டியிட்டிருந்த அன்றைய மாற்று ஆட்டக்காரி முட்டிச்சில்லின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். ஒண்ணுமில்லடி, போய் ஆடு என்றாள்.

பாவம், புயலுக்கு அன்று தெரிந்திருக்காது என்றுதான் பெஞ்சு இன்று வரைக்கும் நினைத்திருந்தாள்.