பேர் வைக்கும் உரிமை

ஹால் ரவுட்டரின் சிக்னல் மாடிப்படி ஏறாது. அதனால்தான் ரெஜினா இன்னொரு ரவுட்டர் வாங்கி, மாடியில் வைத்து, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தாள்.

"இந்த வீட்டு போன், டிவி எல்லாத்துக்கும் நம்பர் போட்டுப் பேர் வைக்கிறது நான்தான். நீ சும்மா கிட" என்றது ஹால் ரவுட்டர்.

மாடி ரவுட்டருக்குச் சுருக்கென்றது. "நானும் ரவுட்டர்தான். எனக்கும் பேர் வைக்கத் தெரியும்" என்று சொல்லி, மாடிக்கு வந்த போனுக்கு 'அஞ்சு' என்று பேர் வைத்தது. கீழே டிவிக்கும் அதே பேர்தான். அஞ்சு என்று கூப்பிட்டால் இரண்டும் திரும்பின. ரெஜினாவின் போன் பேச்சு அறுந்தது, டிவியில் படம் நின்றது.

"ஒரே வீட்ல ரெண்டு ரவுட்டரும் நம்பர் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று ரெஜினா அலுத்துக்கொண்டு, மாடி ரவுட்டர் நம்பர் போடுவதை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

"பார்த்தியா? இனிமே நீ வெறும் எடுபிடி" என்று கொக்கரித்தது ஹால் ரவுட்டர்.

மாடி ரவுட்டர் ஆன்டெனா நான்கையும் விறைப்பாக நிமிர்த்திக்கொண்டது. "பேர் வைக்கிறதை நீயே வச்சுக்கோ. நான் குனிஞ்சு நிக்க மாட்டேன்."

மாடியில் காற்றும் வந்தது, சிக்னலும் அறாமல் கிடைத்தது. போன், டேப்லெட், லேப்டாப் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறின. கடைசியில் ரெஜினா டிவியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

"எல்லாரும் எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று ஹால் ரவுட்டர் கத்தியது.

"நீ பேர் வச்ச பிள்ளைங்கதானே" என்றது மாடி ரவுட்டர். "கூப்பிட்டுப் பாரேன்."