பிறந்தநாள் படம்

அறையில் இருந்தவர்கள்: சபரீஷ், தாமு, அருமைராஜ், முகமெல்லாம் கேக் பூசப்பட்ட அவன்.

அவனுக்குத்தான் பிறந்தநாள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து நான்கு பேரும் வந்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. யாரும் தூங்கவில்லை.

யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் இன்ஸ்டாவில் அவனுடைய அசிங்கமான படம் ஒன்றைப் போட வேண்டும். அந்த அறையின் வழக்கம். போன முறை தாமு, வாயில் எச்சில் ஒழுகத் தூங்குகிற படம்.

இந்த முறை சபரீஷ் போட்டது வேறு.

ஒரே பாயில் பிறந்தநாள்காரனும் அருமைராஜும் தூங்குகிறார்கள். அருமைராஜின் கை அவன் மார்பின் மேல்.

கீழே எழுதியிருந்தது: "எங்க ரூம் ஒம்போது ஜோடிக்கு ஹேப்பி பர்த்டே."

அந்தக் கை தூக்கத்தில் தவறி விழுந்ததல்ல. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

சபரீஷுக்குத் தெரியாது. அவனுக்கு 'ஒம்போது' சும்மா ஒரு சொல். கேட்சை விட்டவனுக்கு இதே சொல். ரோஸ் சட்டை போட்டவனுக்கு இதே சொல். சிலிண்டர் தூக்கத் திணறினால் இதே சொல். நாள் முழுக்க, எல்லார் போனிலும், மூக்குச் சிந்திப் போடுவதைப் போல.

படத்தின் கீழே கமெண்ட் வந்துகொண்டே இருந்தது. கம்பெனி லைன் லீடர் சிரித்தார். ஊரிலிருந்து சித்தி மகன் சிரித்தான். முன்பின் தெரியாத ஒருவன் வாந்தியெடுக்கும் பொம்மையைப் போட்டான்.

எடுத்துவிடு என்று சொல்லலாம்.

சொன்னால், உனக்கு ஏன்டா உறுத்துது என்பார்கள். அப்புறம் யோசிப்பார்கள். யோசித்தால் அறை போகும். ஊருக்குப் போன் போகும்.

அவனும் சிரித்தான். கன்னத்தில் கேக் காய்ந்து இழுத்தது.

"டேய், அருமை என்ன போட்டிருக்கான் பாரு. இதான்டா செம."

தாமு உரக்கப் படித்தான்.

"இவன் பக்கத்துல படுத்த பாவத்துக்கு டெட்டால் சோப்பு போட்டு மூணு தடவ குளிச்சேன்."

சபரீஷ் உருண்டு உருண்டு சிரித்தான். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் லைக் அதிகம்.

அருமைராஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிபன் வாங்க சபரீஷும் தாமுவும் கிளம்பினார்கள். அவர்கள் சிரிப்பு படியிறங்கி, பைக்கில் ஏறி, தெருமுனையில் தேய்ந்தது.

அருமைராஜ் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் காதோரம் ஒட்டியிருந்த கேக்கை விரலால் எடுத்தான்.

"எல்லாரும் எழுதுதானுவ. நான் மட்டும் சும்மா இருந்தா சந்தேகப்படுவானுவ, மக்கா. அதுக்குத்தான்."

சரியான காரணம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவன் எழுந்தான். கொடியிலிருந்து அருமைராஜின் துண்டை உருவினான்.

அலமாரியில் நான்கு பேருக்கு மூன்று சோப்பு டப்பாக்கள். ஒரு வருடமாக அப்படித்தான். யாரும் கவனித்ததில்லை.

பச்சை டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். அதே டெட்டால் சோப்பு. காலையில் இருவரும் தேய்த்தது. இன்னும் ஈரம்.

துண்டையும் டப்பாவையும் அருமைராஜின் கையில் வைத்தான். குளியலறை வெளியே, மொட்டைமாடியின் மறுமூலையில் இருந்தது.

"என்னல இது?"

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

அருமைராஜ் வாசலைத் தாண்டினான். ஏதோ சொல்லத் திரும்பினான்.

அவன் கதவைச் சாத்தினான். மேல் தாழ்ப்பாளைப் போட்டான்.

பிறகு, யாரும் போடாமல் துருப்பிடித்துக் கிடந்த கீழ்த் தாழ்ப்பாளையும் காலால் மிதித்து இறக்கினான்.