கேபினைக் கழற்றிய அன்று

கடைசி போல்ட் அசையவில்லை.

அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று. சுத்தியலால் தட்டியாயிற்று. ஸ்பானரின் வாலில் குழாயைச் சொருகி, இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்து இழுத்தும் பார்த்தான். போல்ட்டின் தலை மழுங்கியதுதான் மிச்சம்.

வாங்கிய நாளிலிருந்து உப்பு சுமந்த பிக்கப். எது இரும்பு, எது துரு என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

“பிளேட எடு.”

செல்லக்கனி குனிந்து ரம்ப பிளேடை நீட்டினாள். அவன் மனைவி. தலைக்கு மேலே புளியமரக் கிளையில் செயின் புல்லி தொங்கியது. அதன் சங்கிலியோரத்தில் அவள் காலையிலிருந்து நிற்கிறாள்.

முன்பு அவன் வண்டியில் மூட்டை ஏற்றிய பொன்ராஜ் நான்கு ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டான் என்று அவனுக்கும் தெரியும். உப்பளத்துக்குப் பெரிய லாரிகள் வந்துவிட்டன. பொன்ராஜும் ஆட்களும் இப்போது அந்த லாரிகளில் மூட்டை ஏற்றுகிறார்கள். லாரிக்குப் போட்டியாக வண்டி ஓட்டும் அவனோடு நிற்பதை லாரி மேஸ்திரி பார்த்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது.

பெரிய லாரி போக முடியாத உள்வரப்புகள் சில உண்டு. அங்கே பாத்தி கட்டும் இரண்டு மூன்று பேர் மட்டும் இன்னும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். இந்த வாரமும் வண்டி வரவில்லையென்றால் அவர்களும் வேறு வழி பார்ப்பார்கள்.

பழைய கேபினின் தரை உதிர்ந்துவிட்டது. கிளட்சை மிதித்தால் ரோடு தெரிந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு கேபின் கொண்டுவந்து இறக்கியிருந்தான். நீல நிறம். மரத்தடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

பிளேடு இரண்டு முறை ஒடிந்தது.

மூன்றாவது பிளேடுக்கு போல்ட் இறங்கி வந்தது. மண்ணில் விழுந்த அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்தான்.

“இழு.”

அவள் இழுத்தாள். சங்கிலி கடகடவென்று ஓடியது. கேபினின் முன்பக்கம் விரலளவு எழும்பியது. பிறகு ஒரு சாண். கிளை முனகியது.

அவன் தோளைக் கொடுத்து நிதானப்படுத்தினான். கதவு, சீட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தான். அப்படியும் கனம் கனம்தான்.

பின்பக்கம் எழவில்லை.

எதுவோ பிடித்து இழுத்தது. கேபின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, மெல்லச் சுழன்று, அவனை இன்ஜினோடு சேர்த்து அமுக்கியது.

“விலகுங்க அத்தான்!”

விலக இடமில்லை. மூச்சு விடவும் இடமில்லை.

சங்கிலி பூட்டிக்கொண்டு நிற்க, அவள் அதை விட்டுவிட்டு ஓடிவந்தாள். முதுகைக் கேபினில் கொடுத்து, குதிகால் மண்ணில் புதையத் தள்ளினாள். ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. அவன் உள்ளே துழாவினான். எர்த் ஒயர். கழற்ற மறந்துபோன ஒற்றை ஒயர். பிளேடால் அறுத்தான்.

கேபின் விடுபட்டு அந்தரத்தில் ஆடியது.

இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். விலா எலும்பு வலித்தது.

பிறகு வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். கேபினை இறக்கினார்கள். கட்டைகளைக் கொடுத்துப் புரட்டி ஓரமாகச் சாய்த்தார்கள். நான்கு ஆள் வேலை.

செல்லக்கனி தார்ப்பாயை விலக்கப் போனாள்.

அவன் வண்டியின் பக்கம் திரும்பினான். இத்தனை வருடம் கேபின் மூடி வைத்திருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது.

வண்டி முழுவதையும் தாங்கும் சேஸிஸின் வலப்பக்கச் சட்டம் உப்பியிருந்தது.

சுத்தியலால் மெல்லத் தட்டினான். முன்னால் ணங்கென்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினான். ணங். இன்னும் ஒரு சாண்.

சத்தம் வரவில்லை. சுத்தியல் உள்ளே போயிற்று.

அப்பளம்போல அடுக்கடுக்காகத் துரு உதிர்ந்தது. கையை விட்டான். மணிக்கட்டு வரை போயிற்று. இடப்பக்கச் சட்டத்துக்குப் போனான். அங்கே சுத்தியலே தேவைப்படவில்லை. கட்டைவிரல் போதுமாயிருந்தது.

வெல்டிங் வைக்கலாம். வைக்க இரும்பு வேண்டும். கையெட்டிய தூரத்துக்கு இரும்பே இல்லை.

இத்தனை நாள் எதன்மேல் ஓடினோம் என்று நினைத்தான்.

காலி வண்டி ஓடும். லோடு ஏற்றினாலும் கொஞ்ச நாள் ஓடும். நாளைக்கோ அடுத்த மாதமோ, வரப்பிலோ ரோட்டிலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் முறியும். முறிந்தால் மூட்டையெல்லாம் முன்னால் கேபின்மேல்தான் வரும்.

உள்வரப்புக்காரர்களிடம் என்ன சொல்வது? என்ன சொன்னாலும் வண்டி இல்லை என்றுதான் அர்த்தம். வண்டி இல்லாவிட்டால் அவனுக்குத் தெரிந்த இன்னொரு வேலை பெரிய லாரியில் மூட்டை ஏற்றுவது. அதற்கும் அந்த மேஸ்திரியிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் எடுக்க மாட்டார்.

தரையில் கிடந்த சாக்கை எடுத்தான். சட்டத்தின்மேல் போட்டான். மறுபக்கத்துக்கு இன்னொன்று.

நீலக் கேபினின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

செல்லக்கனி உள்ளே ஏறி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு லோடுக்கும் அவள் உட்காரும் பக்கம் அது. முந்தானையால் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சீட்டு மெத்துன்னு இருக்கு அத்தான். இனிம முதுகு வலிக்காது, பாத்துக்கிடுங்க.”

அவன் கையைச் சட்டையில் துடைத்தான். துருவில் சட்டை சிவந்தது.

“நாளையிலேர்ந்து நீ வண்டியில வர வேண்டாம்.”

“யாரு வேண்டாங்கா?”

“நாந்தான்.”

“அப்ப யாரு மூட்ட எறக்குவா?”

“நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் சங்கிலியை இழுத்துக் கொக்கியை இறக்கினான்.

“எறங்கு செல்லக்கனி,” என்றான். “தூக்கி வைக்கணும்.”