தம்ளரில் ஒரு புழு

கனடா போன மகன் விட்டுச்சென்ற கடல்நீர் மீன்தொட்டியில் புழு வந்த பிறகுதான், அவன் தினமும் கூப்பிட ஆரம்பித்தான். அதற்கு முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கு ஒருமுறை. துரு நிறத்தில், நகத்துணுக்கு அளவில், தட்டைப்புழுக்கள் பவளத்தையே மூடியிருந்தன.

"எடுத்த எடுப்புல மருந்த ஊத்திராதீங்கப்பா. மொத்தமா செத்தா விஷம் கக்கும், மீனெல்லாம் போயிரும். முதல்ல ட்யூப் வச்சு உறிஞ்சி எடுங்க" என்றான் பெனிட்டோ.

தேவசகாயம் ட்யூபை வாயில் வைத்து இழுப்பார். ஏறிய உப்புநீரைத் துப்பிவிட்டு, புழுக்களை வாளியில் இறக்குவார். சாயங்காலம் ஏழு மணிக்கு போன் வரும்.

"இன்னைக்கு எத்தனப்பா?"

"அறுபது இருக்கும்."

"மருந்து வந்தாச்சா?"

"இன்னும் வரல மக்கா."

மருந்து வந்து பத்து நாளாக மேஜை இழுப்பறையில் கிடந்தது.

இன்று எவ்வளவு தேடியும் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. பவளம் நன்றாக விரிந்திருந்தது. தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். நேற்றுப் பிடித்ததில் ஒன்றை மட்டும் தம்ளரில் தொட்டித் தண்ணீர் விட்டு வைத்திருந்தார். ஏழு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் அதைத் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

வீடியோ அழைப்பு வந்ததும் போனைத் தொட்டிக் கண்ணாடிக்கு நேரே காட்டினார். "சுத்தமாயிட்டு போலயேப்பா" என்ற பெனிட்டோ, திடீரென்று ஐந்து வயதுப் பிள்ளைபோலக் கத்தினான். "அப்பா! அந்தா ஒண்ணு! பவளத்துக்குக் கீழ!"

தேவசகாயம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். புழு அவர் கண்ணுக்கு நேராகத்தான் ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்க மக்கா? எனக்குத் தெரியலயே."